வெண்ணெயும் நம்பிக்கைப் பட்டியலும்: ஒரு மறுப்பு

தமிழ்த் துறைகளில் அளிக்கப்பெறும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளைத் தொடர்ந்து படித்துவருவோர், அவற்றுள் ஓர் இயலின் உள்ளடக்கத்தை மட்டும் புரட்டிப் பாராமலேயே கூறிவிட இயலும். 'நம்பிக்கைகளும் சடங்குகளும்' என்பது அவ்வியலின் தலைப்பு. பிறப்பு, பூப்பு, மணம், இறப்பு, வேளாண்மை, கால்நடை எனப் பகுப்புகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு பகுப்பின் கீழும் நம்பிக்கைகள் எண்ணிட்டு அடுக்கப்பெற்றிருக்கும். கால்நடைப் பகுப்பில் பாலும் தயிரும் வெண்ணெயும் தவறாமல் வரும். விளக்கு வைத்தபின் மோர் கொடுக்கலாகாது; தயிர் கடையும்போது அயலார் கண் படலாகாது; வெண்ணெயை வெளியே கொண்டு செல்லுங்கால் கரித்துண்டோ மிளகாயோ உடன் இடவேண்டும்; கன்று ஈன்ற பசுவின் முதல் நெய்யைத் தெய்வத்திற்குப் படைத்த பின்னரே வீட்டில் புழங்கவேண்டும்; தீட்டுடையோர் தாழியைத் தொடலாகாது. ஐந்து வரிகள், ஐந்து எண்கள். அடுத்து, 'இவை மக்களின் அறியாமையைக் காட்டுகின்றன' என்றோ, 'இவற்றுள் அறிவியல் உண்மை பொதிந்துள்ளது' என்றோ ஒரு தொடர். அத்துடன் இயல் முற்றுப்பெறும்.

இவ்விரு தொடர்களையும் இக்கட்டுரை மறுக்கிறது. வெண்ணெய் பற்றிய நம்பிக்கைகளைக் கடைதல் என்னும் தொழிலிலிருந்தும், கடைந்தெடுத்த நெய் யாரைச் சென்றடைய வேண்டும் என்னும் வினாவிலிருந்தும் பிரித்தெடுத்துப் பட்டியலிடுவது ஆய்வன்று. அது பொருளைக் கொன்று எலும்பை எண்ணுதலாகும். இவ்வாதத்திற்கு மைசூர் வட்டாரத்தை முதன்மைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வெண்ணெயின் பெயரால் ஓர் அரசுத் துறையே இயங்கிய நாடு இது.

தாழியில் நிகழ்வது

பட்டியலில் இடம்பெறாத செய்திகளை முதலில் நோக்குவோம். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, உறைமோர் ஊற்றி, இரவு முழுதும் அசையாமல் வைத்து, வைகறையில் தாழியைத் தூணருகே இருத்தி, மத்தில் கயிறு சுற்றிக் கடைகின்றனர். கன்னடத்தில் மத்தைக் 'கடெகோலு' என்பர். கடை, கோல் என்னும் இரு சொற்களும் நமக்கும் உரியனவே. தீக்கடைகோலிலும் இதே சொல்தான் உள்ளது. கயிற்றை மாறிமாறி இழுக்கும் ஒரே அசைவில் நெருப்பும் பிறக்கிறது, வெண்ணெயும் பிறக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

கடைதலின் நோக்கம் எளிது. அது நிறைவேறுவதுதான் எளிதன்று. தயிரில் மிதக்கும் கொழுப்புத் துளிகளை மெல்லிய உறையொன்று சூழ்ந்திருக்கும். மத்தின் அடியால் அவ்வுறை சிதைந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளவேண்டும். தயிர் மிக வெதுவெதுப்பாக இருப்பின் கொழுப்பு இளகி மோருடன் போய்விடும். மிகக் குளிர்ந்திருப்பின் துளிகள் ஒட்டா. எனவேதான் கடைபவள் ஒருநாள் தண்ணீரும் மற்றொருநாள் வெந்நீரும் சிறிது தெளிக்கிறாள். பசு வற்றும் பருவத்தில் கொழுப்புத் துளிகள் சிறுத்துவிடுவதால் எவ்வளவு கடைந்தாலும் திரள்வது அரிதாகும். பச்சைப்புல் மேய்ந்த நாளின் வெண்ணெயும் வைக்கோல் தின்ற நாளின் வெண்ணெயும் ஒரே பதத்தில் அமைவதில்லை. இவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதன்று. மத்தின் ஒலி மாறுவதைக் காதாலும், கயிற்றின் கனம் மாறுவதைக் கையாலும் உணர்ந்து, எந்த நொடியில் நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும்.

இழப்பின் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு 4 பங்கு கொழுப்புடைய பசும்பாலில் 1 கிலோ வெண்ணெய் எடுக்க ஏறத்தாழ 20 லிட்டர் பால் வேண்டும். நாளொன்றுக்கு 2 லிட்டர் கறக்கும் நாட்டுப்பசு ஒன்றை வைத்திருக்கும் வீட்டில், கன்றுக்கு விட்டது போக, அது முழுமையாகப் பத்து நாள் பால். ஒரு வைகறையில் வெண்ணெய் திரளாமற் போவது அவ்வீட்டிற்குச் சிறு செய்தியன்று.

உறுதியின்மை மிகுந்த தொழில்களையே மந்திரமும் விலக்கும் சூழ்கின்றன என்னும் கருத்தை மாலினோவ்ஸ்கி 1925இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். நம் ஆய்வாளர் சிலர் அதனை மேற்கோளாக்கி, அத்துடன் அமைந்துவிடுகின்றனர். அக்கருத்து அச்சம் ஏன் பிறக்கிறது என்பதை விளக்கும். அந்த அச்சம் ஏன் அடுத்த வீட்டுக்காரியின் கண்மீது சென்று படிகிறது என்பதை அது விளக்காது.

நெய்முறை நாள்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நாம் அனைவரும் கற்பிக்கிறோம். மதுரை ஆயர்பாடியில் பானைப்பால் உறையவில்லை, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் சோர்கிறது, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, மணி அறுந்து வீழ்கிறது. கோவலன் கொலையுண்ணப் போவதை முன்னறிவிக்கும் தீக்குறிகள் இவை என வகுப்பறையில் கூறி மேலே செல்கிறோம். காப்பியக் கட்டுமானத்தை நோக்க அது சரியே. ஆயின் அப்பகுதியின் தொடக்கத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். பாண்டியன் கோயிலில் காலை முரசு ஒலிக்கிறது. அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை இன்று தன்னுடையது என்பது மாதரிக்கு நினைவு வருகிறது. மகள் ஐயையை அழைத்துக்கொண்டு, கடைகயிறும் மத்துமாக அவள் வருகிறாள். அதன் பின்னரே குறிகள் தோன்றுகின்றன.

பால் உறையாவிடில் வெண்ணெய் இல்லை. வெண்ணெய் உருகாவிடில் நெய் இல்லை. அரசனுக்கு நெய் அளக்கவேண்டிய நாளில் நெய்யாக்கத்தின் இரு படிகளும் நின்றுபோகின்றன. எருதும் ஆட்டுக்குட்டியும் மணியும் எந்த நாளிலும் தீக்குறியாகலாம். இவ்விரண்டும் நெய்முறை நாளில் மட்டுமே இத்துணைக் கூர்மை பெறும். இளங்கோவடிகள் நம்பிக்கையைத் தனியே பட்டியலிடவில்லை. யார், எந்நாளில், யாருக்குக் கொடுக்கவேண்டிய பொருளைக் கடையச் சென்றபோது அக்குறியைக் கண்டாள் என்பதையும் சேர்த்தே வைத்துள்ளார். களப்பணிக் கையேடு ஏதும் இல்லாத காலத்துப் புலவர் செய்ததை நாம் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றும் செய்யத் தவறுகிறோம்.

இதற்கு மாறான காட்சி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அங்கு வரும் ஆய்மகள் வைகறையில் கடைந்து, மோரை விற்று வந்த கூலத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ள மறுத்து, எருமையும் பசுவும் கன்றும் பெறுகிறாள். நெய்யை எதற்கு மாற்றுவது என்பது அவள் முடிவாக உள்ளது. அக்காட்சியில் தீக்குறியும் இல்லை, கண்ணேறும் இல்லை. ஒரு சான்றைக் கொண்டு பெருமுடிவு காணலாகாது என்பதை அறிவோம். எனினும் இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கமாவது நமக்கு இருந்திருக்க வேண்டும்.

சாவடியும் விளக்கும்

நெய்முறை பாண்டியன் மதுரையோடு ஒழிந்ததன்று. மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் தம் ஆட்சியைப் பதினெட்டுச் சாவடிகளாக வகுத்தார் என்பது வரலாறு. அவற்றுள் ஒன்று 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளிப்பதும் கால்நடைகளைப் பெருக்குவதும் அதன் பணிகள். பின்னர்த் திப்பு சுல்தான் அதற்கு 'அமிர்த மகால்' எனப் பெயரிட்டார். அத்துறையின் எருதுகள் பீரங்கிகளை இழுத்தன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அம்மந்தைகள் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. வெண்ணெய்க்காக அமைந்த சாவடி போர்த்துறையாக மாறிய கதையைக் கால்நடை இன வரலாறு எழுதுவோர் பலமுறை எழுதிவிட்டனர். அச்சாவடிக்கு உட்பட்டு மாடு மேய்த்தவர் வீட்டுப் பெண்கள் தாழியின் முன் எதற்கு அஞ்சினர் என்று வினவுவது நாட்டார் வழக்காற்றியலார் கடமையாகும்.

கோயிலும் நெய் கொண்டது. நெடுங்காலம் மைசூர்க் கல்வெட்டியல் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளை நோக்கியவர் அறிவர்: சோழர் கால அறக்கொடைகளுள் மிகப் பெரும்பாலானவை நந்தா விளக்கிற்குரியவை. தஞ்சை இராசராசேச்சரத்தில் ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்பது கணக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். 'சாவா மூவா' என்னும் அடைமொழி இங்குக் கவனத்திற்குரியது. அவ்வாடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை என்று கல்வெட்டு கூறுகிறது. ஆடு சாகும், கணக்கில் மட்டுமே சாகாது. செத்த ஆட்டிற்கு ஈடு செய்யவேண்டியவர் இடையர். வறட்சி வந்தாலும் நோய் வந்தாலும் உழக்கு குறையாது. தலைக்காட்டை இராசராசபுரம் எனப் பெயரிட்டு ஆண்ட சோழர் இவ்வட்டாரத்திற்கும் தமிழ்க் கல்வெட்டு மரபைக் கொண்டுவந்தனர். சாகாத ஆட்டைப் பெற்றுக்கொண்ட குடும்பத்தில் 'இன்று வெண்ணெய் திரளாது' என்னும் அச்சம் எத்தகைய பொருள் கொண்டிருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

மறுப்பதற்கு ஒரு மொழி

அரசும் கோயிலும் மேலிருந்து கேட்டன. பக்கத்திலிருந்து கேட்டவர்கள் வேறு. வெண்ணெயை எடுத்தபின் எஞ்சும் மோரை விலையின்றிக் கொடுப்பது தமிழ் ஊர்களிலும் கன்னட ஊர்களிலும் நெடுங்கால வழக்கம். மாடு இல்லாத வீட்டார் செம்பு ஏந்தி வந்து நிற்பர். அவர்கள் வருவது கடையும் வேளையில், தாழியின் அருகில். அவ்வாறு வருவோருள் கணவனை இழந்தவரும் பிள்ளையற்றவரும் ஏழையரும் மிகுதி. ஏனெனில் மாடில்லாதோர் அவர்களே. இப்போது பட்டியலின் இரண்டாம் எண்ணை மீண்டும் படிக்கவேண்டும். தயிர் கடையும்போது அயலார் கண் படலாகாது. யாருடைய கண்? தாழியின் அருகே வந்து நிற்கவேண்டிய தேவையுடையவளின் கண்.

கொடுப்பது கடமை, கொடுக்கவியலாத நாளும் உண்டு. 'இல்லை' என்று வெளிப்படையாகக் கூறுவது உறவைக் கெடுக்கும், மங்கலமுமன்று. விளக்கு வைத்தாகிவிட்டது என்றால் கேட்டவளும் ஒப்புக்கொள்வாள், மறுத்தவளும் பழியினின்று தப்புவாள். நம்பிக்கை இங்கு மறுப்பதற்குரிய மொழியாகச் செயற்படுகிறது. அதே நேரத்தில், வெண்ணெய் திரளாத நாளில் அம்மொழியே திரும்பி, நேற்று மோர் கிடைக்காமல் வெறுங்கையுடன் சென்றவளைச் சுட்டுகிறது. கொடாதவளின் மனத்தில் உறுத்தல் இருக்கிறது. பெறாதவளின் கண்ணில் அவ்வுறுத்தலையே அவள் காண்கிறாள்.

'மூடநம்பிக்கை' என முத்திரையிடுவோர், கைம்பெண்ணைத் தாழியருகே விடாத கொடுமையைத் தாம் கண்டிப்பதாகக் கூறுவர். அக்கண்டனத்தில் நமக்கு முழு உடன்பாடு. ஆனால் முத்திரை இடுவதால் கொடுமையின் வேர் புலப்படுகிறதா? அவள் ஏன் குற்றவாளியாக்கப்பெற்றாள் என்பதற்கு 'அறியாமை' என்பது விடையாகாது. ஊரில் யாருக்கு மாடு உண்டு, யாருக்கு இல்லை என்னும் கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் அக்கொடுமை முழு வடிவில் தெரியும். முத்திரை அதனை மறைத்துவிடுகிறது.

மற்றொரு சாரார் இன்னும் எளிய வழியைக் கண்டுள்ளனர். மாலையில் மோர் கொடுத்தால் நுண்ணுயிர் பெருகிக் கெடும், எனவே முன்னோர் விலக்கினர் என்பர். அவ்வாறாயின், விளக்கு வைத்தபின் உப்பும் ஊசியும் கொடுக்கலாகாது என்றும் அதே முன்னோர் விலக்கியுள்ளனரே. ஊசியில் எந்த நுண்ணுயிர் பெருகுகிறது? இவ்விளக்கம் தருவோர் இம்மாநகரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் படியேறி ஒருநாளேனும் வினவியதுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. மக்களிடம் மெய்யான தொழிலறிவு இல்லை என்பது நம் கருத்தன்று. நெய் காய்ச்சும்போது முருங்கைக்கீரையை இடுகின்றனர். இலையில் நீர் உள்ளவரை படபடவென ஒலி கேட்கும். ஒலி அடங்கி இலை மொறுமொறுப்பானால் நெய்யில் ஈரம் இல்லை, இறக்கலாம். இது சோதனை, செய்பவளும் இதனைச் சோதனையாகவே அறிவாள். கரித்துண்டு இடுவதை அவள் அவ்வாறு கருதுவதில்லை. அவளே பிரித்து வைத்திருப்பவற்றை 'அறிவியல்' என்னும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்புவது அவளுடைய அறிவுக்குச் செய்யும் மரியாதையன்று.

கண்ணனின் வெண்ணெய்த் திருட்டை இங்கு ஒரு சொல்லில் தொட்டுச் செல்லலாம். உடுப்பியில் கையில் மத்துடன் நிற்கும் அக்குழந்தை உறியை உடைப்பது பக்தர்க்கு இனிமை. பாசுரங்களில் முறையிட வரும் ஆய்ச்சியரின் குரலை நாம் பொய்க்கோபம் என்றே விளக்கிவருகிறோம். பத்து நாள் பால் உறியில் தொங்கிய வீட்டை அறிந்த கேட்போர் அதில் வேறொன்றையும் கேட்டிருப்பர்.

இரு ஒப்பீடுகள்

மைசூருக்குத் தெற்கே நீலமலையில் வாழும் தோடர்களிடம் கடைதல் ஆடவர் தொழில். 1902இல் அங்குச் சென்று 1906இல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ், அவர்களுடைய பால்மனைச் சடங்குகளை விரிவாகப் பதிந்துள்ளார். 'பெப்' எனப்படும் உறைமோர் ஒரு பால்மனையின் தொடர்ச்சியையே குறிக்கிறது. அது அற்றுப்போயின் புதிதாக உண்டாக்கத் தனிச் சடங்கு வேண்டும். எருமையோடும் பாலோடும் தொடர்புடைய கலங்கள் ஒருபுறம், வெளியுலகிற்குச் செல்லும் வெண்ணெயையும் மோரையும் ஏற்கும் கலங்கள் மறுபுறம்; இரண்டும் நேரே தொடுவதில்லை, இடையில் ஒரு கலம் நின்று மாற்றித் தருகிறது. மிக உயர்ந்த பால்மனையின் பூசகர் மனைவியைப் பிரிந்து வாழவேண்டும், சந்தைக்குச் செல்லலாகாது. தீட்டு விலக்கைப் பெண்ணின் உடலோடு மட்டும் இணைத்து எழுதும் நம் பட்டியல்களுக்கு இது நல்ல மறுப்பு. கடைபவர் யாரோ, விலக்கு அவரைக் கட்டுகிறது. தோடர் பெண்டிர் பால்மனைக்கு வெளியே நிறுத்தப்பெற்றமையும் உண்மையே. தாழியின்மேல் ஆளுமை யாருடையது என்னும் வினாவிலிருந்து அதனைப் பிரிக்க இயலாது.

அயர்லாந்தில் மே முதல் நாளன்று வீட்டிலிருந்து நெருப்பும் பாலும் வெளியே கொடுக்கமாட்டார்கள்; கொடுத்தால் அவ்வாண்டின் வெண்ணெய் வளம் அயலாரிடம் போய்விடும். வெண்ணெய் திரளாவிடில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுவர். நம் பட்டியலோடு இத்துணை ஒத்திருப்பதைக் கண்டு 'மனித மனம் எங்கும் ஒன்றே' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் குத்தகை விவசாயி நிலக்கிழாருக்கு வாடகை கட்டியது அவ்வெண்ணெயை விற்றுத்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1924 வரை கார்க் நகரில் வெண்ணெய்க்கென்றே பெருஞ்சந்தை இயங்கியது. ஒத்திருப்பது மனம் மட்டுமன்று, கடனும்தான்.

இன்று கேட்கவேண்டியவை

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமும், 1974இல் உலக வங்கி உதவியுடன் கர்நாடகத்தின் பால்வளர்ச்சித் திட்டமும் தொடங்கியபின் பால் பாலாகவே வீட்டை விட்டு வெளியேறுகிறது. காலையிலும் மாலையிலும் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருகின்றனர். உறி இல்லை, தாழி இல்லை, செம்பு ஏந்தி வருபவளும் இல்லை. மானசகங்கோத்திரியில் 1968இல் தொடங்கப்பெற்ற நாட்டார் வழக்காற்றியல் அருங்காட்சியகம் போன்றவை புழங்குபொருள்களைத் திரட்டிக் காத்தமை போற்றத்தக்கது. அவ்வாறு திரட்டிய பொருளுக்கு எழுதப்பெறும் குறிப்புச்சீட்டிலோ பொருளின் பெயரும் ஊரும் மட்டுமே இருத்தல் போதாது. எத்தனை மாட்டின் பாலை அது கடைந்தது, நெய்ப்பணம் யார் கையில் சேர்ந்தது என்பவையும் வேண்டும். பண்பாட்டைப் பொருளியல் அடித்தளத்தோடு சேர்த்து நோக்கவேண்டும் என்று நா. வானமாமலை 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கிய காலம் முதல் வற்புறுத்தினார். அவர் பெயரை முன்னுரையில் போற்றிவிட்டு ஐந்தாம் இயலில் மறந்துவிடுகிறோம்.

மற்றொரு தடை நம் துறை எல்லைகள். கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்குப் பின் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக்கு இப்பாலுள்ள தாளவாடியில் கன்னடம் பேசுவோர் வாழ்கின்றனர். ஒரே தெருவில் ஒரு வீட்டில் வெண்ணெயும் அடுத்த வீட்டில் பெண்ணெயும் திரண்டன. இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் உறைமோர் கொடுத்தும் மறுத்தும் வாழ்ந்தனர். தமிழ் ஆய்வாளர் தமிழ் பேசுவோரை மட்டும் வினவித் திரும்பினால் கொடுத்தவளின் கூற்று கிடைக்கும், கேட்டவளின் கூற்று கிடைக்காது.

வீட்டில் நாள்தோறும் கடைந்த தலைமுறையினர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் 'வெண்ணெய் பற்றி என்னென்ன நம்பிக்கைகள் உள்ளன?' என்று அச்சிட்ட வினாநிரலை நீட்டினால் அவர்களும் எண்ணிட்டுத்தான் விடை கூறுவர். வெண்ணெய் திரளாத நாள் ஒன்றைச் சொல்லுங்கள், அன்று யார் வந்திருந்தார், அவருக்கு முதல்நாள் மோர் கொடுத்தீர்களா, அந்த நெய் எங்குப் போகவேண்டியிருந்தது என்று கேட்கவேண்டும். பின்னர் மாலையில் பால் சங்கத்திற்குச் சென்று நிற்கவேண்டும். அங்குப் பாலின் கொழுப்பளவைக் கொண்டே விலை முடிவாகிறது. நேற்று 4.2 காட்டிய கருவி இன்று 3.6 காட்டினால், பாலூற்ற வந்தவள் முதலில் கருவியைப் பார்க்கிறாளா, எழுதுபவரைப் பார்க்கிறாளா, தனக்கு முன் வரிசையில் நின்றவளைப் பார்க்கிறாளா என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.